அமெரிக்காவின் சிபிஆர்எஸ்: ஏலமில்லாத அலைக்கற்றை எவ்வளவு உதவும்?

கிடங்குக்குத் தனி 5ஜி வலை வேண்டுமா? கிராமத்தில் இணையச் சேவை நடத்துகிறீர்களா? 3550–3700 மெகாஹெர்ட்ஸில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அலைக்கற்றைத் திட்டமான சிபிஆர்எஸ் நல்ல தேர்வு. பொது அடுக்கான ஜிஏஏ-வுக்கு உரிமக் கட்டணமே இல்லை. ஆனால் கடற்படை ரேடாருக்கும், பிஏஎல் என்ற முன்னுரிமை உரிமம் வாங்கியவருக்கும் அடுத்துதான் உங்கள் இடம். 2020 ஏலத்தில் அந்த பிஏஎல் உரிமங்களுக்குச் சுமார் 458 கோடி டாலர் கொட்டினார்கள். கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஏழு வரை, ஒவ்வொன்றும் 10 மெகாஹெர்ட்ஸ். ஏழும் பயன்பாட்டில் இருந்தாலும், ரேடார் குறுக்கிடாத ஊரில் ஜிஏஏ-வுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் மிஞ்சும்.

முழுக்க இலவசம் என்று நினைக்க வேண்டாம். எஸ்ஏஎஸ் என்ற தானியங்கி ஒதுக்கீட்டுச் சேவைக்குச் சந்தா உண்டு. 10 மெகாஹெர்ட்ஸுக்கு 47 டிபிஎம் (அலை வலிமையின் அளவு) வரை வீசும் 'பி' வகைக் கருவியைச் சான்று பெற்ற நிறுவுநர்தான் பதிய வேண்டும். சொதப்பல் பெரும்பாலும் இங்கேதான்: ஆன்டெனா உயரம் தரையிலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா என்பதை மாற்றிப் பதிந்தால் எஸ்ஏஎஸ் கணக்கே பிசகும். செங்குத்தில் 3 மீட்டர், கிடைமட்டத்தில் 50 மீட்டருக்குள் துல்லியம் வேண்டும்.

எஸ்ஏஎஸ்கள் தமக்குள் தினமும் இரவில் ஒத்திசைகின்றன. அதனால் சில இடங்களில் புதுக் கருவிக்கு மறுநாள்தான் அனுமதி கிடைக்கும்; திறப்பு விழா நாளில் நிறுவாதீர்கள். எஸ்ஏஎஸ் நிறுத்தச் சொன்னால் 60 விநாடிக்குள் அலைபரப்பு நிற்க வேண்டும். எனவே கடற்படை ரேடார் குறுக்கிடக்கூடிய கடலோரத்தில் இதை மட்டும் நம்பி மருத்துவமனை வலை அமைப்பது வீண் துணிச்சல்.

ஜிஏஏ பயனருக்குள் பாதுகாப்பு கிடையாது. பக்கத்து வலையோடு டிடிடி (ஒரே அலைவரிசையில் அனுப்பலும் பெறலும் மாறிமாறி நடக்கும் முறை) நேர அமைப்பைப் பேசி ஒன்றாக்குங்கள், அந்த நேரத்தைக் காக்கும் ஜிபிஎஸ் கடிகாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.