கொள்ளிடத்தில் பைக்கைப் படகில் ஏற்றப் போகிறீர்களா? ‘அக்கரை’ எது என்று முதலில் கேளுங்கள்

பொங்கல் லீவில் நானும் என் மச்சினனும் புல்லட்டில் ஏரி ஏரியாகச் சுற்றக் கிளம்பினோம். முதல் நாள் வடுவூர். மறுநாள் திருமானூர் பாலம் வழியாகக் கரைவெட்டி. இரண்டிலும் பறவைகள் நிறைய இருந்தன. கரைவெட்டிக்கு 2024-இல் ராம்சார் அந்தஸ்து (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது, வடுவூருக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பே கிடைத்துவிட்டது. இரவு கும்பகோணத்தில் தங்கினோம். மூன்றாம் நாள் திட்டம், கங்கைகொண்ட சோழபுரத்துப் பொன்னேரியையும் (ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம்தான்) அதன் பிறகு வீராணத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது.

கும்பகோணத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போக ஒழுங்கான வழி இரண்டு உண்டு. ஒன்று நீலத்தநல்லூர் – மதனத்தூர் பாலம். இன்னொன்று அணைக்கரை, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. இரண்டும் தெரிந்திருந்தும் நான் படகுத்துறைக்குப் போனேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: படகில் பைக் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். டீக்கடையில் ஒருவர், “வண்டியெல்லாம் ஏத்துவாங்க தம்பி, அஞ்சு நிமிசம்தான்” என்றார். கூடவே வந்து துறையையும் காட்டினார். அவருக்கும் படகுக்காரருக்கும் என்ன கணக்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கரையில் மரப்படகு ஒன்று நின்றது. கட்டணப் பலகை இல்லை, ரசீது இல்லை.

“அக்கரைக்கு எவ்வளவுண்ணே?”

“வண்டிக்கு நூத்தம்பது, ஆளுக்கு இருபத்தஞ்சு. ஏறுங்க தம்பி.”

இருநூறு ரூபாய். நியாயமாகத்தான் பட்டது. புல்லட் 190 கிலோவுக்கு மேல் இருக்கும், நான்கு பேர் பிடித்துத்தான் ஏற்றினார்கள். டேங்க் மேலேயே கயிற்றைப் போட்டு இறுக்கினார்கள். அடியில் ஒரு சாக்கு மடித்து வையுங்கள் என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. கழி ஊன்றிப் படகைத் தள்ளினார்கள், மச்சினன் வீடியோ எடுத்தான். அந்த ஐந்து நிமிஷம் அருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

படகு போய் நின்றது அக்கரையில் இல்லை. ஆற்றின் நடுவில் ஒரு மணல் திட்டில்.

“இறக்குங்க தம்பி.”

“என்னண்ணே இது, கரை அங்க இருக்கு?”

“எங்க படகு இதுவரைக்கும்தான். அந்தாண்ட ஓடுற தண்ணிக்கு அந்த ஊர்ப் படகு. எல்லாருக்கும் தெரியுமே.”

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்தான். எங்களோடு வந்த ஓர் அம்மா பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் புல்லுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். கொள்ளிடம் வெள்ளம் வடிந்தபின் இரண்டு மூன்று ஓடையாகப் பிரிந்துதான் ஓடும். இந்த ஏற்பாடு நடந்து போகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லாதது. வண்டியோடு வருகிற வெளியூர்க்காரனிடம் அதைச் சொல்லாமல் ஏற்றியதுதான் ஏமாற்று. ‘அக்கரை’ என்று நான் கேட்டபோது அவர் தலையாட்டினாரே, அந்தத் தலையாட்டலுக்குத்தான் இருநூறு ரூபாய்.

அந்தத் திட்டு முந்நூறு மீட்டர் அகலமாவது இருக்கும். கொள்ளிடத்து மணலில் பின்சக்கரம் பாதி புதைந்துவிடும். முதல் கியரில் போட்டு ஒருவன் உறும, ஒருவன் தள்ள, பாதி வழியிலேயே கிளட்ச் கருகுகிற வாடை வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டாவது படகுக்காரர் நாங்கள் தள்ளி வருவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர். “அறுநூறு” என்றார். பேரம் பேசிப் பார்த்தேன். சிரித்தார். “வேணாம்னா திரும்பிப் போங்க தம்பி. ஆனா அவருக்கும் மறுபடி குடுக்கணும்ல?” நடு ஆற்றில் வண்டியோடு நிற்பவனுக்குப் பேச என்ன இருக்கிறது? கொடுத்தேன்.

அதோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். இறக்கும்போது ஈரப் பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டார்கள். முன்சக்கரம் இறங்கிவிட்டது. பின்னால் பிடித்திருந்த பையன் வழுக்க, வண்டி வலப்பக்கமாக, அதாவது சைலன்சர் பக்கமாக, முட்டளவுத் தண்ணீரில் அப்படியே படுத்துவிட்டது. தூக்கி நிறுத்த இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மச்சினன் அப்போதும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணுமில்ல தம்பி, செல்ஃப் போடுங்க, தண்ணிய கக்கிடும்.”

போட்டேன். என் வாழ்நாளில் செய்த மடத்தனங்களில் இதற்கு முதல் மூன்றில் இடம் உண்டு. ‘டக்’கென்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் படகு பாதி ஆறு தாண்டியிருந்தது.

லோடு ஆட்டோ பிடித்து ஜெயங்கொண்டம் போனோம், 1,200 ரூபாய். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி இஞ்சினைச் சுற்றியதும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆயில் போல்ட்டைத் திறந்தார். கறுப்பாக வரவேண்டியது பால் அதிகமான காபி நிறத்தில் வந்தது. “காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமாண்ணே? ராடு வளைஞ்சிருக்கும்” என்றார். பிரித்துப் பார்த்தால் அதேதான், பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. பில் 11,400.

முழு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். பாலிசியில் உள்நாட்டு நீர்வழியில் கொண்டு செல்லும்போது ஏற்படும் சேதத்துக்கும் ஈடு உண்டு என்றே அச்சாகியிருக்கிறது, உங்கள் பாலிசியிலும் பாருங்கள், இருக்கும். ஆனால் பார்வையிட வந்தவர் கண்ணாடி, ஹேண்டில், லெக் கார்டு இவற்றோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீர் புகுந்த பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால்தான் இஞ்சின் போனது, அது படகு விபத்தில் சேராது என்றார். இஞ்சினுக்கென்று தனியாக ஒரு ‘ஆட்-ஆன்’, அதாவது கூடுதல் பணம் கட்டிப் பாலிசியோடு சேர்த்துக்கொள்கிற பாதுகாப்பு உண்டாம், பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க நான் எடுக்காமல் விட்டது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடிக் காசுகூட வராது.

அதனால், பாலம் இருந்தால் பாலத்தில் போங்கள். படகுதான் என்றால், தண்ணீர் ஒரே ஓட்டமா, நடுவில் திட்டு உண்டா, மறுகரை மேட்டில் ஏற்றிவிடுவது வரை எவ்வளவு என்று கேளுங்கள். படகுக்காரரிடம் கேட்காதீர்கள், புல்லுக்கட்டோடு நிற்கிற அம்மாவிடம் கேளுங்கள். காசில் பாதியை இறங்கிய பிறகு கொடுங்கள். பெட்ரோல் குழாயை மூடி, சைலன்சர் வாயில் துணி அடைத்து, ஏர் ஃபில்டர் பக்கம் பாலிதீன் சுற்றுங்கள். அப்படியும் விழுந்துவிட்டால் யார் என்ன சொன்னாலும் செல்ஃபில் கை வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் வைத்து, தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.

பொன்னேரியை அன்று மாலை பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். வீராணம் பாக்கி இருக்கிறது. வண்டி கைக்கு வந்ததும் போக வேண்டும், அணைக்கரை வழியாக.