ஜிசிசி 14: ஓராண்டுக்கு மேல் புழங்கிய பிறகு

பழைய ஓப்பன் சோர்ஸ் நிரல்களை மூலத்திலிருந்து பில்ட் செய்து பயன்படுத்தும் பழக்கம் எனக்கு உண்டு. ஃபெடோரா 40 என்ற லினக்ஸுக்கு மாறியபோது கூடவே ஜிசிசி 14 வந்தது (சி மொழி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் இது), முதல் நாளே நான்கு நிரல்கள் கம்பைல் ஆகவில்லை. எல்லாமே அதுவரை வார்னிங்கோடு (எச்சரித்துவிட்டு பில்ட்டைத் தொடரவிடும் செய்தி) ஓடிக்கொண்டிருந்தவைதான். முதலில் கோபம் வந்தது. இப்போது யார் கேட்டாலும் இந்தக் கம்பைலரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

என்ன மாறியது என்றால், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது, முழு எண்ணைப் பாயிண்டரில் (நினைவக முகவரியை வைக்கும் மாறி) போடுவது, பொருந்தாத பாயிண்டரைக் கொடுப்பது போன்றவை இதில் நேரடியாக எரர், அதாவது பில்ட் அங்கேயே நின்றுவிடும். அறிவிக்காத ஃபங்ஷனை சி மொழியின் தர வரையறை 1999-லேயே நீக்கிவிட்டது, ஜிசிசியோ கால் நூற்றாண்டாக அதை எரராக்காமல் விட்டுவந்தது. கிளாங் 16 என்ற இன்னொரு கம்பைலர் இதை 2023-லேயே எரராக்கிவிட்டது.

இது ஏன் நல்லது என்பதற்கு என் அனுபவமே போதும். படங்களை வகைப்படுத்தும் ஒரு பழைய நிரல், 32 பிட் கணினியில் வருடக்கணக்காக நன்றாக ஓடியது, 64 பிட்டுக்கு வந்ததும் அவ்வப்போது காரணமே தெரியாமல் விழுந்துவிடும். ஜிசிசி 14 சரியாக அந்த வரியில் நின்றது: கோப்புறைப் பெயரின் முகவரியைத் தரும் டிர்நேம் ஃபங்ஷனை அழைக்கிறார்கள், ஆனால் அதை அறிவிக்கும் கோப்பான லிப்ஜென் ஹெடரைச் சேர்க்கவில்லை. ஹெடர் இல்லாவிட்டால் பழைய கம்பைலர் அது இன்ட் (32 பிட் முழு எண்) தரும் என்று வைத்துக்கொள்ளும், திரும்பி வரும் 64 பிட் முகவரியில் மேல் பாதி வெட்டுப்பட்டுப் போகும். இதற்கான வார்னிங் முன்பும் வந்திருக்கிறது, நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் டெர்மினலில் நான்தான் பார்க்கவில்லை. ஒரே ஒரு இன்க்ளூட் வரி சேர்த்தேன், இரண்டு வருடத் தலைவலி போயிற்று.

குறை என்று சொன்னால், பில்ட்டுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் விஷயம்தான், இதில் மிகவும் கவனமாக இருங்கள். பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கக் குட்டி நிரல்களை கம்பைல் செய்து சோதிக்கும். அந்தக் குட்டி நிரல்களே ஹெடர் இல்லாமல், மெயினுக்கு முன்னால் இன்ட்கூட இல்லாமல் எழுதப்பட்டவை. அவை எரரில் விழுந்தால் ஸ்கிரிப்ட் அந்த வசதியே இல்லை என்று முடிவு செய்துவிடும், பில்ட் வெற்றி என்று வரும், நிரலில் ஒரு வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். அந்தச் சோதனைகளின் முடிவு பதிவாகும் கான்ஃபிக் ஹெடரை, பழைய கம்பைலரில் உருவானதையும் புதியதையும் டிஃப் போட்டு (ஒப்பிட்டு) பாருங்கள். பெரும்பாலும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் கருவியான ஆட்டோகான்ஃபின் புதுப் பதிப்பால் அதை மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும்.

திருத்த நேரமில்லாதவர்களுக்கு -எஃப்பெர்மிசிவ் என்ற கம்பைலர் தேர்வு இருக்கிறது, இந்த எரர்களை மீண்டும் வார்னிங்காக்கிவிடும். அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், பிழை உள்ளேயேதான் இருக்கும்.

அப்புறம், சிலர் ஜிசிசி 14-ஐத் திட்டுவது வேறொரு காரணத்துக்காக. அது கம்பைலரின் குற்றமே இல்லை. நிரலை எழுதியவர்கள் மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் உள்ள கோப்பு) கூடுதல் வார்னிங் தரும் -டபிள்யூஎக்ஸ்ட்ராவோடு, வார்னிங்குகளை எரராக்கும் -டபிள்யூஎரரையும் போட்டு வெளியிட்டுவிடுகிறார்கள். இந்தப் பதிப்பில், நினைவகம் ஒதுக்கும் கேலாக் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் இரண்டு ஆர்க்யுமென்ட்களும் (எண்ணிக்கை, அளவு) இடம் மாறியிருந்தால் புதிதாக வார்னிங் வருகிறது, ஒழுங்காக ஓடும் நிரல்கூட அதனால் பில்ட் ஆகாமல் நிற்கிறது. எழுதுபவர் தன் கணினியில் -டபிள்யூஎரர் வைத்துக்கொள்ளட்டும், நல்ல பழக்கம்தான். நாளை வரப்போகும் கம்பைலரின் வார்னிங் எதுவென்று தெரியாமல் அதை ஊருக்கெல்லாம் அனுப்புவது சரியில்லை. இப்படி மாட்டினால் -டபிள்யூநோ-எரர் என்று மொத்தமாக அணைக்கத் தேவையில்லை. பிழைச் செய்தியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் அந்த வார்னிங்கின் பெயர் இருக்கும், -டபிள்யூநோ-எரருக்குப் பின் சமக்குறி போட்டு அந்தப் பெயரை மட்டும் கொடுங்கள். வரிசையில் பின்னால் -டபிள்யூஎரர் வந்தாலும் குறிப்பிட்ட பெயருக்கே முன்னுரிமை. மொத்தமாக அணைக்கும் வடிவத்தில் கடைசியாக வந்தது ஜெயிக்கும், அதனால் பல நேரம் வேலை செய்வதில்லை. மேக்ஃபைல் போன்றவற்றை உருவாக்கித் தரும் சிமேக் கருவியில் 3.24 முதல், வார்னிங்கை எரராக்கும் அதன் சொந்த அமைப்பை எழுதியவர்கள் பயன்படுத்தியிருந்தால், கட்டளை வரியிலேயே அணைக்க ஒரு தேர்வு இருக்கிறது.

பிழைச் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுபட்டது பரவலாகப் பயன்படும் ஹெடர் என்றால் எதைச் சேர்க்க வேண்டும் என்று பெயரோடு சொல்லிவிடுகிறது. சி அவ்வளவாகத் தெரியாதவர்கள்கூட அதை வைத்துப் பேட்ச் (திருத்தம்) எழுதி அனுப்பலாம், நானே மூன்று அனுப்பியிருக்கிறேன், இரண்டை ஏற்றுக்கொண்டார்கள்.

2025 ஏப்ரலில் ஜிசிசி 15 வந்துவிட்டது, அதில் இயல்பு நிலையே சி23 என்ற புதிய தர வரையறை. வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்த ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் கொடுத்தால் அதுவும் எரர். பழையவற்றுக்கு இப்போதைக்கு முந்தைய வரையறைப்படி கம்பைல் செய்யும் -எஸ்டிடி=ஜிஎன்யு17 கொடுத்து ஓட்டிக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.