சேர்வராயன் கோயிலுக்கு ஆன்லைனில் 'பேக்கேஜ்' போடாதீர்கள், எனக்கு 7,200 ரூபாய் போச்சு

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரன், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. கோயில் இருப்பது பக்கத்து ஏற்காடு மலையில், அங்கே போக உனக்கு எதற்கு ஏஜென்சி என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். காரணம் அம்மா. 68 வயது, இரண்டு முழங்காலும் தகராறு. பேரன் பிறந்தால் சேர்வராயனுக்கும் காவேரி அம்மனுக்கும் மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டவர். பேரனுக்கு இப்போது நாலு வயது. "சாமி கடன் வட்டி ஏறிக்கிட்டே போகுதுடா" என்று தினமும் புலம்பல்.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. கோயில் சுற்றுலா மட்டும் புக் செய்து தரும் ஓர் ஆன்லைன் தளம். பெயர் போடவில்லை, வம்பு வேண்டாம். காலை ஆறு மணிக்குச் சேலம் 'ஐந்து ரோடு' சந்திப்பில் ஏற்றிக்கொள்வார்களாம், ஜீப், 'சிறப்பு தரிசன டோக்கன்', மதியச் சாப்பாடு. தலைக்கு 1,800, பெரியவர்கள் நாலு பேர். ஆக 7,200.

உடனே கட்டிவிடவில்லை. போன் செய்து பேசினேன். ஒரு பெண் எடுத்தார், வாய்க்கு வாய் அண்ணா. அம்மாவின் வயதைக் கேட்டார், எந்தக் கால் அதிகம் வலிக்கும் என்று கூடக் கேட்டார். "குகை வாசல் ரொம்பத் தாழ்வுங்கண்ணா, குனிஞ்சுதான் போகணும். அம்மாவைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் போட்டுடறேன்" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். குகையில் குனிய வேண்டும் என்று தெரிந்தவர் அந்தக் கோயிலுக்குப் போய் வந்தவராகத்தானே இருக்க வேண்டும்? யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தால் போதும் என்பது இப்போது உறைக்கிறது.

பணம் அனுப்பும்போது கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. கேட்டேன். "அது எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேருங்கண்ணா." சரி என்று பின் நம்பரை அடித்தேன். அந்த நாலு எண்ணை அடித்த விரலை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு ஐந்து ரோட்டில் நின்றோம். அம்மா கூடையில் மாலை, மேலே ஈரத்துணி. ஆறரைக்கு டிரைவர் என்று ஒருவர் பேசினார்: "ஏழாவது வளைவுல டிராஃபிக் சார், அரை மணி நேரம்." ஏற்காட்டுக்கு இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவும் அடிவாரம் தாண்டித்தான். எங்களைச் சேலத்தில் ஏற்ற வேண்டிய வண்டிக்கு ஏழாவது வளைவில் என்ன வேலை? கேட்டதும் போன் கட். அப்புறம் சுவிட்ச் ஆஃப். எட்டரை வரை நின்றோம். துணி காய்ந்துவிட்டது, அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து மாலைமேல் தெளித்தார்.

திரும்பலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்து அஸ்தம்பட்டி, அங்கிருந்து பஸ், மேலே ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இறங்கி ஒரு டாக்ஸி. அந்த டாக்ஸிக்காரர் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, எங்கள் தரிசனம் முடியும் வரை கோயில் பக்கத்திலேயே காத்திருந்தார், பேசியதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள், சொல்லாமல் விடக்கூடாது.

5,000 அடிக்கு மேலே மொட்டை வெளி, காற்று ஆளைத் தள்ளுகிறது. அர்ச்சனைத் தட்டு விற்ற பெண்மணியிடம் போனில் இருந்த டோக்கனைக் காட்டினேன். "இதைக் காட்டிக்கிட்டு இங்க யாரும் வந்ததில்லையே சாமி. வரிசையில நின்னு உள்ள போ" என்றார். அவ்வளவுதான் சிறப்பு தரிசனம். குகைக்குள் தரையெல்லாம் ஈரம், ஜில்லென்று இருந்தது. அது காவிரி வரை போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அம்மா ஒரு கையைப் பாறையிலும் ஒரு கையை என் மனைவி தோளிலும் ஊன்றிப் போய் வந்தார். எனக்குக் கும்பிடக்கூட மனம் நிற்கவில்லை, 7,200தான் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவர்கள் நம்பருக்குப் பதினொரு முறை அடித்தேன். முதலில் "சர்வர் பிரச்சினை". அடுத்து "மேனேஜர் மீட்டிங்கில்". அண்ணா போய் சார் ஆகிவிட்டது. மாலையில் மெசேஜ் வந்தது: வண்டி வந்தது, பயணி வரவில்லை, எனவே பணம் திருப்பித் தர இயலாது. இரண்டே முக்கால் மணி நேரம் நடுரோட்டில் நின்றவனுக்கு 'வரவில்லை'! கூடவே அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் கூப்பன் வேறு. இன்று அந்த நம்பரில் என்னை பிளாக் செய்தாயிற்று.

7,200 ரூபாய் என்றால் எனக்குப் பன்னிரண்டு நாள் கூலி. அம்மாவிடம் 700 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சரி, சொல்வதாகச் சொன்னது. பேக்கேஜ் எதுவும் வேண்டாம், பஸ்ஸில் போய் மேலே டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டால் போனை வையுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே 1930-க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அடியுங்கள், என்னைப் போல இரண்டு நாள் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். நான் இன்று காலைதான் அடித்தேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்புகிறேன். மீதியை வந்து எழுதுகிறேன்.