துணை மோட்டார்: பின்பலகையிலா, தாங்கியிலா?

பழைய வட ஆர்க்காட்டின் சாத்தனூர் போன்ற நீர்த்தேக்கத்தில் ஓடும் ஃபைபர் மீன்பிடிப் படகில், சிறிய துணை அவுட்போர்டு மோட்டாரை (படகின் வெளிப்புறம் மாட்டும் மோட்டார்) நேரே படகின் பின்முனையை அடைக்கும் பின்பலகையில் மாட்டலாம், அல்லது ஏற்றி இறக்கும் தாங்கியில் பொருத்தலாம். பின்பலகையில் மாட்டுவது மலிவு. இரண்டு கைத்திருகுகளை இறுக்கி, கழன்று விழாமலிருக்கச் சங்கிலியும் பூட்டினால் வேலை முடிந்தது. ஆனால் படகின் முதன்மையான பெரிய மோட்டார் திரும்பும்போது இதில் உரசாதபடி இடைவெளி விட வேண்டும்.

தாங்கியோ, ஓடாத நேரத்தில் மோட்டாரை நீருக்கு மேலே தூக்கி வைப்பதோடு, பின்பலகை உயரமாக இருந்தாலும் 15 அங்குலக் குட்டைத் தண்டு மோட்டாரின் புரொப்பெல்லரைப் போதிய ஆழத்துக்கு இறக்கித் தருகிறது. அதன் போல்ட்டுகளை உட்புறம் தகடு கொடுத்து முடுக்காவிட்டால் ஃபைபர் விரிசல் விடும். துளைகளில் சீலண்ட் பூசாவிட்டால், உள்ளே மரம் இருக்கும் பின்பலகை ஊறி உளுத்துவிடும் (பலர் சோம்பல்படுவது இங்கேதான்). கோடையில் நீர் இறங்கிப் பாறை தலைகாட்டும் கரையோரங்களில் வலை விரிப்பவருக்கு, விலை கூடினாலும் தாங்கியே மேல் என்பது என் கருத்து.