அடைப்பு திறந்த பிறகு: கடைமடை ஊரில் பார்த்த இதய சிகிச்சை

ஊருக்குப் போய்வந்தால் பத்திரப் பதிவு அலுவலகத்தையும் பஸ் வசதியையும் பற்றி எழுதுவது நம் வழக்கம். இந்த முறை நான் எழுத வேண்டியது அரசு மருத்துவமனையைப் பற்றி. சிங்கப்பூரில் கேத் லேப் செவிலியராக இருக்கிறேன். மாரடைப்பு வந்தவர்களின் ரத்தக் குழாயைத் திறக்கும் அறைதான் என் அன்றாடம். விடுமுறைக்குப் போன இடத்தில், காவிரிக் கடைமடையில் உள்ள எங்கள் ஊரில், பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தது.

நெஞ்சை அடைக்கிறது, வாயுவாக இருக்கும், சோடா வாங்கி வா என்றார். வியர்வையையும் முகத்தின் வெளிறலையும் பார்த்ததுமே அண்ணனிடம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அங்கே நடந்தது எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருந்தது. போனவுடன் ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் படமெடுத்து இதய மருத்துவருக்கு அனுப்பினார்கள். கையோடு ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் கொடுத்துவிட்டார்கள். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இது. துணை சுகாதார நிலையங்களிலும் இந்த மாத்திரைகள் உண்டு என்று அங்கிருந்த செவிலியர் சொன்னார்.

108 வந்தது. வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்று சித்தப்பா போனில் வற்புறுத்தினார். அங்கே கேத் லேப் கிடையாது. முன்பணம் கட்டாமல் உள்ளே எடுப்பதும் இல்லை. ஆம்புலன்ஸில் இருந்த உதவியாளர், “ஐயா, அங்கே இறக்கினால் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும்” என்று சொல்லி நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அந்தப் பையன் அன்று காப்பாற்றிய இதயத் தசை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். அங்கே டெனெக்டெப்லேஸ் ஊசி போட்டு ரத்தக் கட்டியைக் கரைத்தார்கள். மறுநாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றிய பேச்சே எழவில்லை.

கோவையையும் சென்னையையும் சேர்ந்த மருத்துவர்கள் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையோடு இணைத்து, முதலில் ஊசி, பிறகு ஆஞ்சியோ என்று ஒழுங்குபடுத்தியதில், ஓராண்டுக்குள் நிகழும் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அந்த எண்களுக்குள் இப்போது எங்கள் வீட்டு ஆளும் ஒருவர்.

ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் மானிட்டரில் துடிப்பு திடீரென்று மாறியது. அகன்ற அலைகள், நிமிடத்துக்கு எண்பதுக்கு மேல். அண்ணன் பதறிவிட்டான். பணியில் இருந்த இளம் மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் கொடுக்காமல் அருகிலேயே நின்றார். “குழாய் திறந்துவிட்டது என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம்” என்றார். அது சரிதான். சற்று நேரத்தில் அலைகள் தானாகவே பழையபடி ஆயின, மாரடைப்பின் அடையாளமாக ஈ.சி.ஜி.யில் உயர்ந்திருந்த எஸ்.டி. கோடும் இறங்கியது. ஆக்சிஜன் வைக்கவில்லையே என்று உறவினர்கள் சண்டைக்கு நின்றபோதும் செவிலியர் அசையவில்லை. விரலில் மாட்டிய கருவி 97 காட்டியது. அளவு நன்றாக இருப்பவருக்குக் கூடுதல் ஆக்சிஜன் தருவதால் பயனில்லை என்று ஸ்வீடனில் நடந்து 2017-ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. எங்கள் பிரிவிலும் இதுவே நடைமுறை.

இங்கே நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அடைப்பு நீங்கியதும் ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரத்தம் திரும்பி வருவதே இதயத் தசைக்கு இன்னொரு காயத்தை உண்டாக்கும். காய்ந்து வெடித்த வயலுக்கு ஒரேயடியாக மடையைத் திறந்தால் வரப்பு உடையுமே, அப்படி. ஆக்சிஜன் இல்லாமல் தவித்த செல்லுக்குள் அமிலம் சேர்ந்திருக்கும். விந்தையாக, அந்த அமிலமே செல்லைச் சற்றுக் காத்து நிற்கும். ரத்தம் வந்ததும் நிமிடங்களில் அமிலம் கழுவப்பட்டுவிடும். கால்சியம் உள்ளே குவியும், ஆக்சிஜனிலிருந்து நாசம் செய்யும் மூலக்கூறுகள் பெருகும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் துளை திறக்கும். பிழைத்திருக்க வேண்டிய செல் அப்போது சாகும். பெரிய குழாய் திறந்திருந்தும், நுண்ணிய குழாய்கள் வீங்கி அடைபட்டு, தசைக்கு ரத்தம் போகாமலே இருப்பதும் உண்டு. இறுதியில் அழிந்துபோகும் தசையில் பாதி வரைகூட இந்த இரண்டாவது காயத்தால் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதைத் தடுக்க அறுபது ஆண்டுகளாக முயல்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஜென்னிங்ஸ் 1960-ல் நாய்களின் இதயத்தில் இந்தச் சேதத்தைக் கண்டார். 1986-ல் அவருடைய குழுவினர் நாய்களின் இதயத்துக்குப் போகும் ரத்தத்தை நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் நிறுத்தி, இடையிடையே திறந்துவிட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பழக்கிய இதயம், பிறகு வந்த நீண்ட அடைப்பில் மிகக் குறைவாகவே சேதமடைந்தது. ஆனால் மாரடைப்பு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவதில்லை. சைக்ளோஸ்போரின் மருந்து சிறிய ஆய்வில் பலன் தந்தது. 2015-ல் பெரிய ஆய்வில் கைவிட்டது. கைக்குத் தரும் அதே பழக்கம் இதயத்தையும் காக்குமா என்று பார்க்க, கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தும் முறையை, சிங்கப்பூரிலும் பணியாற்றிய டெரெக் ஹவுசென்லாயும் மற்றவர்களும் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019-ல் வந்த முடிவு, பயனில்லை என்பது. நான் ஆசையோடு காத்திருந்த ஆய்வு அது.

ஆகவே இன்று நம் கையில் இருப்பவை இரண்டுதான்: சீக்கிரம் திறப்பது, திறந்த பின் விடாமல் கவனிப்பது. முதலாவதில் என் ஊர் தேறிவிட்டது. இரண்டாவதில்தான் எனக்கு ஆதங்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தட்டுப்பாடு என்று, பெரியப்பாவைச் சீக்கிரமே பொது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே மானிட்டர் இல்லை. இரவில் ஒரு செவிலியருக்கு ஒரு வார்டு முழுவதும். அவர் ஓடி ஓடித்தான் பார்த்தார். குறை அவரிடம் இல்லை. நான் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அப்படி உட்கார யாரும் இல்லை. ஆம்புலன்ஸுக்கும் கேத் லேபுக்கும் செலவிட்ட அரசு, இதயப் பிரிவின் வார்டுக் கட்டில்களுக்கு மானிட்டரும் இரவுப் பணிக்கு இன்னும் செவிலியர்களும் கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சுருக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பீட்டா பிளாக்கரும் ராமிப்ரிலும் எதற்கென்று பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. காயம்பட்ட இதயம் வீங்கித் தளர்ந்துவிடாமல் காப்பவை அவை. நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை கூடினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துத் தமிழில் ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். இரத்த அழுத்த மாத்திரைகளை ஏற்கெனவே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். அவரிடமும் அந்தத் தாளைக் காட்டிவைத்தேன். அடுத்த எக்கோ பரிசோதனைக்கு அண்ணன் அழைத்துப் போகிறான். இடது கீழறை எத்தனை சதவீதம் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற எண்ணைக் கேட்டு வாங்கி, எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.