ஜானி கிளெக் ஆல்பங்கள்: இத்தனை காலம் கேட்டபின் என் வரிசை

ஜானி கிளெக், ஜூலு இசையையும் மேற்கத்திய இசையையும் கலந்து பாடிய தென்னாப்பிரிக்க வெள்ளையர். முதலிடம் 'யுனிவர்சல் மென்'. அவரும் சிஃபோ ம்சுனுவும் சேர்ந்து நடத்திய ஜூலுக்கா குழுவின் முதல் ஆல்பம், 1979. டர்பனில் ஜானி கிளெக் என்றாலே பேச்சு மண்டேலாவைப் பற்றிய அவருடைய 'அசிம்போனாங்கா' பாட்டில்தான் தொடங்கும். அதனால் இப்படிச் சொன்னால் முறைப்பவர்கள் உண்டு. முறைக்கட்டும். கேசட், சிடி, செல்போன் என்று மாறி மாறிக் கேட்டும் அவர் ஆல்பங்களில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எனக்கு அலுக்காதது இது ஒன்றுதான்.

முக்கியக் காரணம் கிதார். ஜோஹன்னஸ்பர்க்கில் தோட்டவேலை பார்த்த சிஃபோ ம்சுனு, எங்கள் நடால் பக்கம் க்ரான்ஸ்கோப்பிலிருந்து போனவர். கிளெக் இங்கிலாந்தில் பிறந்து, பதின்ம வயதில் ஜூலு தொழிலாளிகளிடம் கிதாரும் ஆட்டமும் கற்றவர். இருவரும் வாசிப்பது மஸ்கந்தி என்ற ஜூலு கிதார் பாணி: கட்டைவிரல் அடித்தந்தியில் ஒரு நடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் போகும், ஆள்காட்டி விரல் மேல்தந்தியில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வரும். ஹெட்போனில் கேட்டால் இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். ஊரையும் பிள்ளைகுட்டியையும் விட்டு நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்களின் பாட்டுகள் இவை. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் வம்சத்தில் பிறந்த எனக்கு இது அடுத்த வீட்டுக் கதையாகத் தோன்றியதே இல்லை.

இரண்டாவது 'ஆப்ரிக்கன் லிட்டனி', 1981. 'இம்பி' இதில்தான் இருக்கிறது. 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் ஜூலு படை ஆங்கிலேயரை முறியடித்ததைப் பாடும் பாட்டு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் ஏறுவதையே சட்டம் தடுத்த காலத்தில், தேவாலயக் கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வாசித்து வந்த குழு இது. கிளர்ச்சிப் பாட்டு என்ற பெயருக்காக 'இம்பி'யைக் கேட்காதீர்கள். பல்லவியில் அத்தனை குரல்களும் ஒரே மூச்சில் இறங்கும் இடத்துக்காகக் கேளுங்கள். 'ஆப்ரிக்கன் ஸ்கை ப்ளூ'வும் இந்த ஆல்பம்தான். இரண்டாம் பாதியில் ஓரிரு பாட்டுகள் தொய்கின்றன, அதனால்தான் இரண்டாமிடம்.

மூன்றாவது இடத்தில் பலர் 'தேர்ட் வேர்ல்ட் சைல்ட்' (1987) வைப்பார்கள். நான் 'ஹீட், டஸ்ட் அண்ட் ட்ரீம்ஸ்' (1993) வைக்கிறேன். ஜூலுக்காவுக்குப் பிறகு கிளெக் தொடங்கிய சவுக்கா குழுவில் அவரோடு ஆடிய டுடு ஸூலு 1992-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காக எழுதியதுதான் 'த க்ராஸிங்'. அதில் 'ஓசியேசா' என்று கோரஸ் எழும்போது அது ஒப்பாரியாகவும் இருக்கிறது, வழியனுப்பலாகவும் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் வேறெதையும் போட முடியவில்லை. கிளெக்குக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபின், 2018-ல் தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் பலர் கூடி இதே பாட்டை அவருக்காகப் பாடினார்கள். 2019 ஜூலை 16 அன்று அவர் போய்விட்டார். அந்த 2018 பதிவையும் தேடிக் கேளுங்கள்.

'தேர்ட் வேர்ல்ட் சைல்ட்' விஷயத்துக்கு வருகிறேன். 'அசிம்போனாங்கா' ஒன்றுக்காகவே இதை வைத்துக்கொள்ள வேண்டும். மண்டேலா சிறையில் இருந்தபோது அவரைக் காணவில்லையே என்று பாடியது. ஸ்டீவ் பிக்கோ, விக்டோரியா ம்சேங்கே, நீல் அகெட் என்று நிறவெறி ஆட்சியை எதிர்த்து இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ம்சேங்கே 1985-ல் கொல்லப்பட்டது இங்கே டர்பனை ஒட்டிய உம்லாசியில். டர்பன்காரர்களுக்கு அந்த வரி வரும்போது தொண்டை அடைக்கும். ஆனால் ஆல்பமாகக் கேட்டால், 80-களின் சிந்தசைசரும் எலெக்ட்ரானிக் ட்ரம்ஸும் கிதாரை அமுக்கிவிடுகின்றன. பிரான்ஸில் இந்த ஆல்பம் அவரை நட்சத்திரமாக்கியது. எனக்கு நான்காமிடம்.

'வொர்க் ஃபார் ஆல்' (1983) ஐந்தாவது. 'டிசம்பர் ஆப்ரிக்கன் ரெய்ன்' இல்லாமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் லீவு தொடங்காது. முழுக்க ஜூலுவிலேயே பாடிய 'உபுஷ்லே பெம்வெலோ' (1982) அடுத்தது. மொழி தெரியாவிட்டாலும் தாளம் பிடித்துக்கொள்ளும். 'க்ரூயல், க்ரேஸி, பியூட்டிஃபுல் வேர்ல்ட்' (1989) பாதி ஆல்பம்தான் தேறும். ஆனால் தலைப்புப் பாட்டு ஓர் அப்பா மகனுக்குச் சொல்வது, பிள்ளை பெற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். 'ஷேடோ மேன்' (1988) கடைசி. இரைச்சல் அதிகம்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று. 'ஸ்கேட்டர்லிங்ஸ் ஆஃப் ஆப்ரிக்கா'வை 1982-ல் ஜூலுக்காவுடனும் 1987-ல் சவுக்காவுடனும் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். தொகுப்பு ஆல்பம் வாங்கினால் எந்தப் பதிவு என்று பார்த்து வாங்குங்கள். என் ஓட்டு 1982-க்கு.