வெள்ளி கலந்த காலுறைகள்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

நாள் முழுவதும் ஷூவோடு நிற்க வேண்டிய வேலை எனக்கு. அதனால் துர்நாற்றம் வராது என்று சொல்லி விற்கப்படும் இரண்டு வகைக் காலுறைகளை வாங்கி, மூன்று மாதங்கள் மாற்றி மாற்றி அணிந்தேன். ஒன்றின் அட்டையில் ‘நானோ சில்வர்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. மற்றொன்று வெள்ளி பூசிய நைலான் நூலில் பின்னியது. விலை ஏறக்குறைய மூன்று மடங்கு.

வியர்வையைச் சிதைக்கும் பாக்டீரியாக்களே நாற்றத்துக்குக் காரணம். வெள்ளி அயனிகள் அவற்றைக் கொல்கின்றன. வெள்ளியை 100 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களாக்கினால் அதன் மேற்பரப்பு பன்மடங்கு கூடுவதால், மிகக் குறைந்த எடையே போதும். அந்தத் துகள்களை இழையில் எப்படி நிறுத்துவது என்பதில்தான் சிக்கல். பெருமளவு உற்பத்திக்கு மலிவான வழி, துகள் கலந்த கரைசலில் துணியை முக்கி, பிழிந்து, உலர்த்துவது. சாயப்பட்டறையில் ஏற்கெனவே உள்ள இயந்திரங்களே இதற்குப் போதும். ஆனால் இப்படி ஏற்றிய வெள்ளி இழையின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பென், வெஸ்டர்ஹாஃப் ஆகியோர் 2008இல் கடைகளில் விற்கும் காலுறைகளை ஆராய்ந்தபோது, ஒரு கிராம் காலுறையில் 1,360 மைக்ரோகிராம் வரை வெள்ளி இருந்தது. 500 மில்லிலிட்டர் நீரில் 650 மைக்ரோகிராம் வரை வெளியேறியது. வெளியேறும் அளவு காலுறைக்குக் காலுறை வேறுபட்டதால், தயாரிப்பு முறையே அதைத் தீர்மானிக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர்.

என் அனுபவமும் அதற்கு ஒத்தே இருந்தது. முதல் வகை பத்துச் சலவைக்குள் சாதாரணக் காலுறையாகிவிட்டது. இரண்டாவது வகையில் வெள்ளி நூலைச் சுற்றிப் படலமாகவே படிந்திருப்பதால், நிறம் சற்றுக் கறுத்ததே தவிர, மாலையில் ஷூவைக் கழற்றும்போது இன்றும் தயக்கம் இல்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. தொடுதிரைக் கையுறைகளிலும் இதயத் துடிப்பை அளக்கும் உடைகளிலும் இவ்வகை நூல் பயன்படுவது இதனால்தான். (நானோ என்ற சொல் இதன் அட்டையில் எங்கும் இல்லை!)

குறைகளும் உண்டு. விரல் பகுதி சொரசொரப்பாக இருக்கிறது. குளோரின் பிளீச் வெள்ளியைக் கெடுக்கும் என்பதால் தனியாகத் துவைக்க வேண்டியிருக்கிறது. உருகிய பாலிமரிலேயே வெள்ளியைக் கலந்து இழையாக இழுக்கும் மூன்றாவது முறையும் உண்டு. அவ்வகைக் காலுறை கிடைத்தால் அடுத்து அதை வாங்கிப் பார்ப்பேன். முதல் வகையை, துணியின் பாக்டீரியா எதிர்ப்புத் திறனை அளக்கும் ஐஎஸ்ஓ 20743 சோதனையின் முடிவு எத்தனை சலவைக்குப் பின் எடுக்கப்பட்டது என்று அட்டையில் அச்சிடாதவரை, மீண்டும் வாங்க மாட்டேன்.